ஒப்பந்தத் தொழிலுக்கான காப்பீடு: கேள்வி பதில்

கட்டுமான விபத்துகளில் இழப்பை மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், ஒப்பந்ததாரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, சிறு கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறேன். எந்தக் காப்பீட்டை முதலில் எடுக்க வேண்டும்?

பாலிசிப் படிவத்தைப் பார்க்கும் முன், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். எந்த இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பது அங்குதான் எழுதப்பட்டிருக்கும். உங்கள் தலையில் விழக்கூடிய இழப்புகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு நேரும் சேதம், உங்கள் தொழிலாளிக்கு ஏற்படும் காயமோ மரணமோ, வேலையோடு தொடர்பில்லாத மூன்றாம் நபருக்கு உங்களால் விளையும் கேடு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைப் பெரும்பாலான இடங்களில் சட்டமே கட்டாயமாக்கியிருப்பதால் அதில் தேர்வுக்கு இடமில்லை. மீதி இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், நான் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டையே எடுக்கச் சொல்வேன். இடிந்த சுவரை மறுபடி கட்டும் செலவை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். சாரம் சரிந்து வழியில் போனவர் ஒருவர் முடமானால் நீதிமன்றம் விதிக்கும் தொகையை அப்படிக் கணக்கிட முடியாது.

கேள்வி: ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி வைத்திருக்கிறேன். பெயரிலேயே எல்லா ஆபத்தும் அடங்குகிறது அல்லவா?

அந்தப் பெயரை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விலக்கப்படாத எல்லா ஆபத்துகளும் என்பதுதான் அதன் பொருள். ஆகவே முதலில் படிக்க வேண்டியது விலக்குகளின் பட்டியலை. போர், அணுக்கதிர் வீச்சு, இயல்பான தேய்மானம் போன்றவை பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். உண்மையான சிக்கல், குறைபாடுள்ள வடிவமைப்பு, பொருள், வேலைத்திறன் ஆகியவற்றைப் பற்றிய விலக்கில்தான் இருக்கிறது.

ஒரு தூணில் கான்கிரீட் கலவை தவறிப்போய், தூண் உடைந்து, அதன் மேலிருந்த தளமும் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லண்டன் பொறியியல் காப்பீட்டுக் குழு வகுத்த, எல்.இ.ஜி. 1, 2, 3 என்று வழங்கும் மூன்று நிபந்தனைகளில் எது உங்கள் பாலிசியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். முதலாவது இருந்தால், குறையால் விளைந்த சேதம் எதற்கும் பணம் இல்லை. இரண்டாவது இருந்தால், விபத்துக்குச் சற்று முன்பே குறையைக் கண்டுபிடித்துத் தூணைச் சரிசெய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைக் கழித்துக்கொண்டு மற்றதைத் தருவார்கள். மூன்றாவதில், முதலில் இருந்ததைவிடத் தரத்தை உயர்த்துவதற்கு ஆகும் கூடுதல் செலவு மட்டுமே கழிக்கப்படும். ஆனால் சேதம் ஏதும் நேராமல், கலவை தவறு என்பது மட்டும் தெரியவந்தால், மூன்றில் எதுவும் உதவாது. விலை குறைவாகக் கேட்கும் நிறுவனம் இவற்றில் எதை வைத்திருக்கிறது என்று கேட்காமல் பிரீமியங்களை ஒப்பிடுவது வீண் வேலை.

கேள்வி: பிரீமியத்தைக் குறைக்கக் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டலாமா?

வேண்டாம். 100 லட்சம் மதிப்புள்ள வேலையை 60 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கும்போது 20 லட்சத்துக்குச் சேதம் நேர்ந்தால், மதிப்பில் காப்பீடு செய்த பங்குக்கு மட்டுமே இழப்பீடு தரும் விகிதாசார நிபந்தனையின்படி 12 லட்சம்தான் கணக்கில் வரும். பாலிசியில் நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொண்ட எக்ஸஸ் தொகையும் கழியும். பலர் வேண்டுமென்று குறைப்பதில்லை. உரிமையாளர் வாங்கித் தரும் கம்பியையும் சிமெண்டையும் மதிப்பில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், அல்லது இடையில் வேலை கூடியதைத் தெரிவிப்பதில்லை. செலவைக் குறைக்க விரும்பினால் எக்ஸஸ் தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். சிறு சேதங்களைக் கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மின்வேலையும் குழாய்வேலையும் துணை ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் காப்பீட்டுச் சான்றிதழ் தந்துவிட்டார்கள். அது போதுமா?

சான்றிதழ், அது தரப்பட்ட நாளில் பாலிசி இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. மறுமாதமே தவணை கட்டாமல் பாலிசி காலாவதியானால் உங்களுக்குத் தெரியாது. காயம்பட்ட தொழிலாளியோ, துணை ஒப்பந்ததாரரிடம் பணமில்லை என்றால், முதன்மை ஒப்பந்ததாரரான உங்களைத்தான் தேடி வருவார். பாலிசியின் முழு நகலைக் கேளுங்கள். காப்பீட்டுப் பாதுகாப்பைப் பெறுபவராக உங்கள் பெயரையும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இழப்பீடு கொடுத்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற உங்கள் மீதே வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரியும் வேண்டும்.

கேள்வி: வரைபடமும் நாங்களே போடுகிறோம். தனியாகக் காப்பீடு வேண்டுமா?

வேண்டும், அது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. பொதுவாக இந்த வகைப் பாலிசியில், தவறு நடந்த நாளைவிட உங்கள் மீது கோரிக்கை எழுந்த நாளே முக்கியம். 5 ஆண்டுகளுக்கு முன் போட்ட வரைபடத்துக்காக இன்று வழக்கு வந்தால் இன்று பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், அதன் முன்தேதி வரம்பும், அதாவது எந்தத் தேதிக்குப் பிறகு செய்த வேலைகளுக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்ற எல்லையும், அந்த வரைபடக் காலத்தை உள்ளடக்க வேண்டும். நிறுவனம் மாற்றும்போது அந்தத் தேதியைத் தவறவிடுவதே பெரிய பிழை.

கேள்வி: செயல்பாட்டுக்கான பிணையப் பத்திரம் கொடுத்திருக்கிறேன். அதுவும் காப்பீடுதானே?

இல்லை. ஒப்பந்தப்படி நீங்கள் வேலையைச் செய்யாமல் போனால், அது உங்களிடம் வேலை கொடுத்தவருக்கான பாதுகாப்பு. பிணை நின்றவர் பணம் கொடுத்தால் அதை உங்களிடமே வசூலிப்பார்.

கேள்வி: வேலையை ஒப்படைத்ததும் பாலிசியின் பொறுப்பு முடிந்துவிடுமா?

ஒப்படைத்த அல்லது பயன்பாட்டுக்கு வந்த பகுதிக்கு முதன்மைப் பாதுகாப்பு பெரும்பாலும் அன்றே நின்றுவிடும். கட்டடம் முழுதும் முடியும் முன் கீழ்த்தளத்தில் ஆட்கள் குடியேறுவதை யாரும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வதில்லை. அங்கே தீப்பிடித்த பிறகுதான் இந்த விதி நினைவுக்கு வருகிறது. குறைகளைச் சரிசெய்யும் பராமரிப்புக் காலம் ஒப்பந்தத்தில் 12 மாதம் என்றிருந்தால், பாலிசியிலும் பராமரிப்புக் காலப் பாதுகாப்பு 12 மாதத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. எளிய வகை, குறையைச் சரிசெய்ய வந்த உங்கள் ஆட்களால் நேரும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும். விரிந்த வகை, கட்டுமானத்தின்போதே சைட்டில் தோன்றிய காரணத்தால் பின்னர் வெளிப்படும் சேதத்தையும் ஏற்கும்.