கல்லட்டி ஏற முடியுமா?

கேள்வி: 43 வயதில் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சைக்கிள் பயணத்தில் ஓட்ட ஆசை. கல்லட்டி ஏற்றம்தான் பயமுறுத்துகிறது. எப்படித் தயாராவது?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: தாராளமாக ஏறலாம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நான் முதல்முறை போனபோது பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமே 28 பல்தான். எட்டாவது வளைவில் முன்சக்கரம் தள்ளாடியது, முட்டி கெஞ்சியது. இறங்கித் தள்ளினேன், கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த முறை 34 பல் மாட்டினேன், நிற்காமல் ஏறினேன். முதலில் அந்தப் பல்சக்கரத்தை மாற்றுங்கள்.

அப்புறம், 27 வளைவுள்ள திம்பம் மலைப்பாதை உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறதே! வாரம் ஒருமுறை ஏறுங்கள். பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம் போதும். புலி, சிறுத்தை நடமாடும் காடு. நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள், துணையோடு.