ஜாமீன் கிடைத்தும் தம்பி சிறையில்: அரசுப் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் செங்கம் பக்கம். கோவையில் கட்டட வேலை பார்த்து வந்த என் தம்பி, செல்போன் திருட்டு வழக்கில் கைதாகி அங்கே மத்திய சிறையில் இருக்கிறான். ஜாமீன் உத்தரவாகி ஐந்து வாரம் ஆகிறது. 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. கோர்ட் வாசலில் ஒருவர், “வெளியூர் ஜாமீன் செல்லாது. நானே ஆள் பிடித்துத் தருகிறேன், 8,000 ரூபாய் கொடுங்கள். ஏழைக் கைதிகளுக்கு மத்திய அரசு தரும் 40,000 ரூபாயையும் வாங்கித் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் அரசு நிதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது அவர் கைக்கும் வராது, உங்கள் கைக்கும் வராது.

முதலில் ஜாமீன் உத்தரவின் நகலை எடுத்துப் பாருங்கள். “10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்” என்றால் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. தம்பி வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். “ரொக்கமாகக் கட்ட வேண்டும்” என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே பணம். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் எத்தனையோ குடும்பங்கள் தாலியை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கின்றன.

இனி அந்த நிதி. ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக மத்திய உள்துறை அமைச்சகம் 2023-இல் கொண்டுவந்த திட்டம் இது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அப்போது வந்த வழிமுறைப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. கலெக்டர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் (இலவச சட்ட உதவி தரும் அமைப்பு) செயலாளர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், ஒரு நீதிபதி ஆகியோர் உள்ள குழு ஒப்புதல் தந்தால், பணம் வைப்புத்தொகையாகவோ வேறு வழியிலோ நேரே நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடிந்ததும் அரசுக்கே திரும்ப வேண்டிய பணம் அது. இதில் தரகருக்கு எங்கே இடம்?

உங்கள் தம்பிக்கு இது எப்படிப் பயன்படும் என்றால், ஜாமீன்தாரர் கிடைக்காத நிலையில், அதற்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதிக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அனுமதி கிடைத்தால் அந்த ரொக்கத்தைத்தான் இந்த நிதியிலிருந்து கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெளியூர் ஜாமீன் செல்லாது என்பதும் தவறு. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி ஜாமீனை ஏற்க மறுத்திருந்தார் மாஜிஸ்திரேட். அது தவறு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகவே எழுதினார். 2023 ஜனவரி 31 அன்றும், உள்ளூர் ஜாமீன் கேட்டு வற்புறுத்துவதும் விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் “லோக்கல் ஆள் இருக்காங்களா?” என்ற கேள்வி ஓயவில்லை. செங்கத்திலிருந்து நீங்களும் இன்னொரு உறவினரும் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு போய் நில்லுங்கள். மறுத்தால், என்ன காரணம் என்று எழுத்தில் தரும்படி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

வாடகை ஜாமீன்தாரரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாமீன் நிற்பவர், இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்று நீதிமன்றத்தில் உறுதிமொழி தர வேண்டும். தரகர் கூட்டி வரும் ஆள் ஏற்கெனவே பலருக்கு நின்றவராக இருப்பார், அதை மறைப்பார். வரி ரசீது வேறொருவருடையதாக இருக்கும், முத்திரை போலியாக இருக்கும். பிடிபட்டால் தம்பியின் ஜாமீன் ரத்தாகும். போலி ஆவணம் கொடுத்த வழக்கில் நீங்களும் சிக்கலாம். தரகரோ அடுத்த வாரம் வேறு கோர்ட் வாசலில் நிற்பார். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும், ஜிபேயில் முன்பணம் கேட்டாலும், “உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது” என்றாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்ட வழக்குகளுக்கு இந்த நிதி கிடையாது. உங்கள் தம்பியின் வழக்கு இந்தப் பட்டியலில் வராது. ஆனால் இதைப் படிக்கும் கஞ்சா வழக்குக் குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். நிதி கிடையாது என்பதால் எதுவுமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், எந்த வழக்கானாலும், வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. ஜாமீன் கிடைத்த பிறகு தொகையைக் குறைக்கக் கேட்கவும் தடையில்லை. “கஞ்சா கேஸா, ஒன்றும் செய்ய முடியாது” என்று திருப்பி அனுப்பினால் மறுபடி போய்க் கேளுங்கள்.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று. ஜாமீன் உத்தரவாகி 7 நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால், சிறை நிர்வாகம் தானாகவே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். உங்கள் தம்பிக்கு ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஓர் ஏழையை உள்ளே வைத்துச் சோறு போட அரசு தினமும் செலவழிக்கிறது; அவரை வெளியே அனுப்ப ஒதுக்கிய பணமோ பல இடங்களில் தொடப்படாமலேயே கிடக்கிறது. இந்த நிதியைப் பயன்படுத்தச் சொல்லி அமைச்சகமே மாநிலங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒரு கடிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகாததற்கு ஒரு மனிதன் உள்ளே கிடக்க வேண்டுமா?

அதனால் அவர்களாக அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். குற்ற எண், ஜாமீன் உத்தரவு நகல், தம்பியின் சிறை எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள், அல்லது திருவண்ணாமலையில் உள்ள ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து கோவைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனுவில் இரண்டே கோரிக்கை போதும்: ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த இலவச வழக்கறிஞர் வேண்டும்; ரொக்கம் கட்டச் சொன்னால் ஏழைக் கைதிகள் நிதியிலிருந்து கட்ட வேண்டும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த நகலோடு செயலாளரை நேரில் பாருங்கள்.