குறுணல் அரிசி கோழிக்குப் போடுவதுதானே, வீட்டில் சமைக்கலாமா?

கோழிக்குப் போடுவது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டு, ஆட்கள் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறீர்கள் போல. குறுணல் என்பது மில்லில் உடைந்த அரிசிதான், தாராளமாகச் சமையுங்கள்.

எங்கள் ஊர் இலங்கையில் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்த பிறகு வயல் கூலி இல்லாமல் போக, அம்மா நெல்லுக் குத்துகிற மில்லில் அரிசி புடைக்கப் போனா. கூலி பாதி காசு, மிச்சத்துக்குக் குறுணல். அதைச் சுளகில் தெள்ளி, அரிக்கன் சட்டியில் கல் அரித்து, பயறு போட்டுக் கஞ்சி வைப்பா. உள்ளி, கொஞ்சம் வெந்தயம், இறக்குகிற நேரம் தேங்காய்ப்பால். உடைந்த அரிசி தண்ணியைக் கெதியாக இழுக்கும், மாவையும் கெதியாக விடும். அதனால் கஞ்சி தானாகவே தடிப்பாக வரும், விறகும் மிச்சம். தொட்டுக்கொள்ள நெத்தலிக் கருவாடு. சில நாள் குறுணலை ஊறப்போட்டு இடித்துப் பிட்டு அவிப்பா. கிண்ணியாவில் அம்மாவின் சிநேகிதி வீட்டில் நோன்புக் கஞ்சிக்கும் குறுணல்தான் போடுவார்கள்.

பிறகு தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வந்த ஒரு மனுசி, அம்மாவுக்கு முன்னாலேயே "குறுணல் தின்ற குடும்பம்தானே" என்றா. அண்ணா அந்தப் பேச்சை அன்றைக்கே நிற்பாட்டினார். சரியாகத்தான் செய்தார். அந்தக் குறுணலில்தான் நாங்கள் எல்லோரும் படித்து ஆளானோம்.

வியட்நாமில் மேகொங் கழிமுகத்து விவசாயிகள் விற்க முடியாத குறுணலைத்தான் தங்களுக்குச் சமைத்தார்கள். இன்று சைகோனில் அதே சோறு, சுட்ட பன்றியிறைச்சியோடு 'கொம் தாம்' என்று அந்த நகரத்தின் பேர்பெற்ற சாப்பாடு. அங்கே அதை யாரும் ஒளித்துச் சாப்பிடுவதில்லை.

சத்தில்லை என்று சொல்ல யாராவது வருவார்கள். முழுசாக இருக்கிற தீட்டின வெள்ளை அரிசியிலும் அதே அளவு சத்துத்தான். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் கஞ்சியை அளந்து குடிக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை.

அரிசி ஏன் உடைகிறது என்று யாராவது கேட்கிறார்களா? நெல் கடும் வெயிலில் சட்டென்று காய்ந்தால் மணிக்குள் வெடிப்பு விழும், மில்லில் போட்டதும் உடையும். களம் இல்லாதவன் தார் ரோட்டில்தான் காயப்போடுகிறான். காயாமல் கொடுத்தால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் என்று கழிவு, காய்ந்தால் குறுணல் அதிகம் என்று விலைக் குறைப்பு. போன போகம் எங்கள் நெல்லுக்கு வந்த வியாபாரி ஈரம் பார்க்கிற மீற்றர்கூட வைக்காமல், கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டைக்கு மூட்டை கழித்தான். கடன்காரன் வாசலில் நிற்கும்போது யாரிடம் போய் நியாயம் கேட்பது?

உங்கள் குறுணலில் மக்கல் மணமோ வண்டோ இருந்தால் அது தீவனத்துக்கென்று ஒதுக்கினது, விட்டுவிடுங்கள். இல்லையென்றால் நன்றாக அரித்து, சோறாக்குவதற்கு வழக்கத்தைவிடத் தண்ணியைக் குறைத்து வையுங்கள். அடுப்பைவிட்டு அங்கால் போகவேண்டாம், கெதியில் அடிப்பிடிக்கும்.