ஸ்பிட்ஃபயரில் டக்டக் சத்தம்: இன்ஜினை இறக்காமல் பேரிங் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1976 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 கார் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி அடியில் டக்டக் என்று கேட்டு நின்றுவிடுகிறது. கிளட்சை மிதித்தால் முன்னாலுள்ள புல்லி லேசாக நகர்கிறது. இன்ஜினை இறக்காமலே பேரிங் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சத்தத்தைவிட அந்தப் புல்லி நகர்வதுதான் எனக்குக் கவலை. அதை அளந்து பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, அந்தப் புல்லி இதன் முனையில்தான் இருக்கிறது) முன்பின் நகராமல் பிடித்திருப்பவை, அதைத் தாங்கும் பேரிங்குகளில் கடைசியான பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் உள்ள இரண்டு அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள்தான். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னே தள்ளப்பட்டு, பின்பக்க வாஷர் தேய்கிறது. ரொம்பத் தேய்ந்தால் நழுவி, இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும்.

புல்லியைப் பின்னால் நெம்பித் தள்ளி, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை அதில் வைத்து, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். 0.006 முதல் 0.008 இன்ச் என்றால் நிம்மதி. 0.015-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண வாஷர் போட்டும் இடைவெளி அதிகமிருந்தால் 0.005 இன்ச் தடிமன் கூடியதும் கிடைக்கும். எண்ணெய்க் காடி வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

வாஷருக்காகச் சம்ப்பைக் கழற்றியாயிற்று என்றால், பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். 1500-இல் முதலில் தேய்வது அதுதான். ராடுகளின் அடிமூடிகளான கேப்களைக் கழற்றும் முன் எது எந்த ராடுக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், மாறக்கூடாது. ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) உட்புறம் சீரான சாம்பல் நிறமாக இருந்தால் சரி. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் ஆயுள் முடிந்தது. முதுகில் 010, 020 (0.010, 0.020 இன்ச்) என்று பொறித்திருந்தால் கிராங்க்கை ஏற்கெனவே கடைந்திருக்கிறார்கள், புதிய ஷெல்லும் அதே அளவில் வாங்க வேண்டும். ஜர்னலில் (கிராங்க்கில் ஷெல் தழுவும் பகுதி) நகத்தை ஓட்டும்போது கோடு தட்டுப்பட்டால் புது ஷெல் போட்டும் பயனில்லை. இன்ஜினை இறக்கி, கிராங்க்கைக் கடையக் கொடுக்கத்தான் வேண்டும்.

திரும்ப மாட்டும்போது சம்ப்பின் முன்பக்கப் போல்ட்களை மெதுவாக முறுக்குங்கள். அவை இறங்குவது அலுமினியத்தில், மரை சட்டென்று போய்விடும்.

காலைச் சத்தத்துக்கு ஆயில் ஃபில்டரும் காரணமாக இருக்கலாம். திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு இல்லாத ஃபில்டரில், இரவில் எண்ணெய் முழுக்க இறங்கிவிடும்; காலையில் அது பேரிங்குக்குத் திரும்ப வரும்வரை சத்தம் கேட்கும். வால்வு உள்ளதாக ஒன்று போட்டுப் பாருங்கள். டாஷ்போர்டிலுள்ள ஆயில் விளக்கை நம்ப வேண்டாம், அது எரியும்போது காலம் கடந்திருக்கும். ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பின் 2000 ஆர்பிஎம்மில் 40 முதல் 60 பிஎஸ்ஐ காட்டுகிறதா என்று பாருங்கள். இனி ஸ்டார்ட் செய்யும்போது நியூட்ரலில் வைத்து, கிளட்சைத் தொடாமல் செய்யுங்கள்.