டேகெயார் அன்ரிக்கு விருது கொடுக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நான் கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் இரண்டரை வயது மகள் காலை ஏழரையிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள டேகெயாரில்தான் இருக்கிறாள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற அன்ரிமார் ஆறு பேர். டிசம்பர் கொன்சர்ட்டில் 'சிறந்த பராமரிப்பாளர்' என்று ஒருவருக்கு விருது கொடுக்க பெற்றோர் சிலர் சேர்ந்து காசு சேர்க்கிறோம். ஸ்காபரோவில் இருக்கும் என் அக்கா தந்த யோசனை இது. கனடாவில் பிரதமர் பெயரிலேயே இந்த வேலைக்கு விருது இருக்கிறதாம். ஆனால் எங்கள் வட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. வாக்கெடுப்பு வைப்போம் என்கிறார் ஒருவர். சம்பளத்துக்குத்தானே செய்கிறார்கள், இதற்கென்ன விருது என்கிறார் ஒரு பிள்ளையின் அப்பா. ஆறு பேரில் நல்லவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

தங்கச்சி,

அந்த அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சம்பளம் வாங்குகிற டொக்டருக்கும் பள்ளிக்கூட அதிபருக்கும் வங்கி மனேஜருக்கும் பொன்னாடை போர்த்திப் போர்த்திக் கை ஓய்ந்த ஊர் இது. அப்போதெல்லாம் யாரும் இதைக் கேட்டதில்லை.

உங்கள் அக்கா சொன்னது சரிதான். கனடாவில் ஆசிரியர்களுக்கான பிரதமர் விருதோடு, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கும் தனியாக விருது இருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டு நாட்கள். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். முதலாவதில் டேகெயார் அன்ரி பலூன் ஊதுகிறார், ஐஸ்கிறீம் பரிமாறுகிறார், சிந்தியதையும் துடைக்கிறார். இரண்டாவதில் பூங்கொத்தெல்லாம் அவரைத் தாண்டி ஸ்கூல் ரீச்சருக்குப் போகிறது. இத்தனைக்கும் தனியார் துறையில் பிரசவ லீவு 84 வேலை நாட்கள்தான், அது முடிந்ததும் மூன்றரை, நான்கு மாதக் கைக்குழந்தையை நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்களின் கையில்தான். மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்து ஆயாமார் இல்லாவிட்டால் எத்தனை தாய்மார் கொழுந்து பறிக்கப் போயிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள், அவர்களுக்கும் யாரும் மாலை போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே கொடுங்கள். ஆனால் வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம்.

ஏனென்றால் பெற்றோர் பார்ப்பது வாசலில் காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம். அதிலும் பின்னேரம் காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்று வந்து இறங்கியவருக்கு எதைப் பார்க்கத் தெம்பு இருக்கும்? வாக்குப் போட்டால் வெல்லப்போவது வாசலில் நின்று சிரித்து, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை கதைக்கிற அன்ரி. அவரும் நல்லவராக இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே கைக்குழந்தைகள் அறையில் இருப்பவர் வாசலுக்கே வருவதில்லை, அவர் முகம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த வேலையின் திறமை பெரும்பாலும் நடக்காமல் போன விஷயங்களில் இருக்கிறது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. றம்புட்டான் காலத்தில் கொட்டையை எடுத்து, சதையைச் சின்னதாக நறுக்கித் தருகிறவர் இருந்தால் அன்றைக்கு எந்தப் பிள்ளையின் தொண்டையிலும் சிக்காது, அங்கே ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து நன்றி சொல்வது? பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரைத் தினமும் ஊற்றிவிடுகிறவருக்கும் இதே கதிதான். கொழும்பில் டெங்கு என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். 1946இல் புடாபெஸ்டில் தாய் தகப்பனில்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்தத் தொடங்கினார். அங்கே அவர் பார்த்தது பாட்டையும் கூத்தையும் அல்ல, பிள்ளையைக் குளிப்பாட்டும் விதத்தையும் துணி மாற்றும் விதத்தையும். தூக்குவதற்கு முன் தூக்கப்போகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும், சட்டை போடும்போது கையைப் பிடித்து இழுக்காமல் பிள்ளை தானாக நீட்டும்வரை கொஞ்சம் பொறுக்கவேண்டும், அவசரப்படக்கூடாது. பேசத் தெரியாத குழந்தையிடம் என்ன கேட்பது என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் ஒருநாள் முன்கூட்டியே போய், அனுமதி கேட்டு, உங்கள் மகளுக்கு பம்பஸ் மாற்றும்போது ஓரமாக நின்று பாருங்கள். ஃபோனைப் பார்த்துக்கொண்டு இரண்டு காலையும் ஒரு கையால் தூக்கிப்பிடித்து மாற்றுகிறாரா, முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே மாற்றுகிறாரா? அந்த மூன்று நிமிடம் கொன்சர்ட்டைவிட அதிகம் சொல்லும்.

இன்னொன்று, கடி. இரண்டு வயதில் பிள்ளைகள் கடிக்கும், எந்த டேகெயாரிலும் கடிக்கும். கடித்த பிள்ளையைப் பிடித்து உலுப்பாமல் முதலில் கடி வாங்கிய பிள்ளையிடம் போகிறவர், பிறகு கடித்தவனிடம் குனிந்து ஒரே வரியில் 'கடிக்கக்கூடாது, அவனுக்கு நோகுது' என்று சொல்லி முடிக்கிறவர், பின்னேரம் உங்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு யார் கடித்தது என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறவர், இந்த மூன்றும் ஒருவரிடமே இருந்தால் எனக்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்கள் யார்? மற்ற அன்ரிமார்தான். அப்புறம் சமைக்கிற அம்மாவும் கூட்டித் துடைக்கிறவரும். அவர்களிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் சொந்தப் பிள்ளையை இவர்களில் யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள், ஏன்?' துண்டில் எழுதித் தரட்டும், தமிழிலோ சிங்களத்திலோ. உரிமையாளருக்கு வாக்கு வேண்டாம். அவருக்குப் பிடித்தவர் லீவு கேட்காதவராகத்தான் இருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமை. இரண்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்கிறார், முகம் கோணாமல் செய்கிறார் என்று யாரையாவது காட்டினால் அதற்கு விருது கொடுக்காதீர்கள், இன்னொரு ஆளைப் போடச் சொல்லி உரிமையாளரிடம் சண்டை பிடியுங்கள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள், இரண்டு வயதில் ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. பொறுமைக்குப் பரிசு கொடுத்தால் ஆள் குறைவை நாமே ஆசீர்வதித்த மாதிரி. அதே காரணத்துக்காக 'இரண்டாவது தாய்' என்று விருதில் எழுதவேண்டாம் என்பேன். தாய் என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றிக் கதைக்க எல்லோருக்கும் கூச்சம் வந்துவிடும். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) 3 வீதம் கட்டவேண்டும். ஆறு பேருக்கும் இது ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்பார்கள். கேளுங்கள், நீங்கள்தானே ஃபீஸ் கட்டுகிறீர்கள்.

சரி, என்ன கொடுப்பது? ஷீல்ட் வேண்டாம். அது ஒஃபிஸ் அலுமாரிக்குள் போய், அடுத்த மாதம் டேகெயாரின் ஃபேஸ்புக் விளம்பரத்தில் வரும். அந்தப் பெண் வேலையை விட்டுப் போகிற நாளில் கையோடு கொண்டுபோகக்கூடியதைக் கொடுங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, அதில் 'அன்பானவர், பண்பானவர்' என்று நிரப்பாமல் இன்ன நேரத்தில் இன்னதைச் செய்தார் என்று நான்கு வரி. சேர்த்த காசை ஆறு பேருக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள், மேடையில் ஒருவரை ஏற்றி ஐந்து பேரைத் தோற்கடிக்க வேண்டாம். மிஞ்சினால், பல வருட அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத ஒருவருக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க உதவுங்கள். செய்துவந்த வேலையையே சான்றாக வைத்து மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் வழி நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் இருக்கிறது. அதற்கு அவர் செய்த வேலைக்கு எழுத்தில் ஆதாரம் காட்டவேண்டிவரும், அங்கே உங்கள் கடிதமும் உதவும்.

மேடை கட்டாயம் வேண்டும் என்றால் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் அந்த நேரம் அன்ரிமார் திரைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள், பெயரைக் கூப்பிட்டாலும் வரமுடியாது.