காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை

கேள்வி: வெள்ளத் தடுப்புக்கு மண்கரை எழுப்பி, அதன் பின்னால் ஏக்கர் கணக்கில் நிலத்தைக் காலியாக விடச் சொல்கிறார்கள். வருடத்தில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்பதற்கு இத்தனை நிலத்தை முடக்கலாமா? ஏரியாகத் தேக்கினால் குடிக்கவாவது ஆகுமே!
- ஒரு வாசகர், முடிச்சூர்

பதில்: முடிச்சூரிலிருந்தா இந்தக் கேள்வி? 2015இல் உங்கள் தெருக்களில் படகு ஓடியதே! ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரை வழியில் நிறுத்தி வைக்க இடமில்லாததால்தான் அது உங்கள் வீட்டுக்குள் வந்தது.

தேக்கலாம் என்கிறீர்கள். செம்பரம்பாக்கம் தேக்கும் ஏரிதான்: 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. கோடையை நினைத்து நிரப்பித்தான் வைப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டிசம்பர் 1ஆம் தேதி மழை கொட்டியபோது உள்ளே வாங்கிக்கொள்ள இடம் போதவில்லை. விநாடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டி வந்தது. நிறைந்த ஏரி வெள்ளத்தைத் தடுக்காது.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் 1913 மார்ச்சில் மூழ்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் 360 பேருக்கு மேல் செத்தார்கள். சேறு காயும் முன்பே ஊர்மக்கள் சுமார் 20 லட்சம் டாலர் திரட்டினார்கள். ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரின் தலைமையில் 1922க்குள் ஐந்து மண் அணைகள் எழுந்தன. அவற்றில் ஷட்டரே கிடையாது. அடியில் எப்போதும் திறந்திருக்கும் கான்கிரீட் வாய் மட்டும்தான். சாதாரண நாளில் ஆறு அதன் வழியே தன்பாட்டுக்கு ஓடும். பெருவெள்ளம் வந்தால், கீழே உள்ள கரை தாங்கும் அளவுதான் வெளியேறும். மிச்சம் அணைக்குப் பின்னால் ஏறி நின்று, மெல்ல வடியும். நள்ளிரவில் மேலிட உத்தரவுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் கூடுதலாக வந்தாலும் தாங்கும்படி கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நூறு வருடமாக அவை டேட்டனைக் காத்து நிற்கின்றன.

நிலமும் முடங்கவில்லை. அங்கே விவசாயம் நடக்கிறது. ஆனால் வெள்ளம் ஏறி நிற்கும் உரிமையை எழுத்தில் வாங்கி, வீடு கட்டுவதைத் தடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கவலை அங்கேதான். நாலு வருடம் மழை பொய்த்தால் போதும், நம் ஊரில் காலி நிலத்தில் பிளாட் கல் நட்டுவிடுவார்கள். அதனால் நிலம் முடங்குகிறதே என்ற கவலையை விடுங்கள். அந்தப் பரப்பின் சர்வே எண்கள் எவை, பதிவேட்டில் நீர்நிலை என்று ஏறிவிட்டதா, மழைக்கு முன்னால் மதகு வாயில் அடைக்கும் செத்தையையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவது யார் பொறுப்பு - இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.