அடைமழைக்கு முன் தேனீப் பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் பொழுதுபோக்காக 3 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீ, மார்த்தாண்டம் பெட்டி. போன வருஷம் கார்த்திகையில் 2 பெட்டி ஒரே வாரத்தில் காலியாகிவிட்டது. செத்த தேனீ ஒன்றும் கிடக்கவில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஆகஸ்ட் மாதமே குளிர்காலத்துக்குத் தயார் செய்யச் சொல்கிறார்கள். பெட்டியைப் போர்த்த வேண்டும், 20 கிலோ தேன் விட்டுவைக்க வேண்டும், உண்ணிக்கு மருந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். நமக்கும் இதெல்லாம் தேவையா? நாட்டுச்சர்க்கரைப் பாகு கொடுக்கலாமா? இப்போது ஒரு பெட்டி மெலிந்திருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: செத்த தேனீ ஒன்றும் கிடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் தேனீக்கள் கிளம்பிப் போய்விட்டன. இந்தியத் தேனீயின் குணம் அது. சாப்பாடும் இல்லை, கூரையும் ஒழுகுகிறது என்றால் ராணியையும் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விடும். நீங்கள் பார்த்த வீடியோக்களில் வருவது நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் இனம். அது பெரும்பாலும் பட்டினி கிடந்தாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்து சாகும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிப்படாது.

அந்த நாடுகளில் நாலைந்து மாதம் பூவே இருக்காது. வெளியே உறைபனி. தேனீக்கள் பந்து மாதிரி திரண்டு, இறக்கைத் தசைகளை அதிரவைத்துச் சூடு உண்டாக்கி, சேர்த்த தேனை எரித்தே உயிர் பிழைக்கின்றன. அதனால்தான் 20 கிலோ கணக்கு. நம் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். போர்த்த வேண்டியதே இல்லை. உண்ணி மருந்தும் உங்களுக்கு வேண்டாம். வரோவா உண்ணி ஆதியில் ஆசியத் தேனீயோடு சேர்ந்து வாழ்ந்ததுதான். இந்தியத் தேனீ கூட்டில் அது பெரும்பாலும் ஆண் தேனீப் புழு அறைகளில்தான் பெருகும், வேலைக்காரத் தேனீக்களும் அதைக் கடித்து உதறிவிடும். அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லாத இத்தாலியத் தேனீக்குத்தான் அது எமன்.

ஆனால் அவர்கள் சொல்லும் மாதம் நமக்கும் பொருந்துகிறது. ராணி இடும் முட்டை தேனீயாக வெளிவர ஏறக்குறைய 3 வாரம். வந்த தேனீ முதல் 2, 3 வாரம் உள்ளே புழுவுக்கு ஊட்டும், அடை கட்டும். அப்புறம்தான் வெளியே மேயப் போகும். மொத்த ஆயுள் ஒன்றரை மாதம் போல. ஆவணிக் கடைசியில் இடும் முட்டை புரட்டாசி மூன்றாம் வாரத்தில் தேனீயாகும். ஐப்பசி மழையில் உள்ளே புழுவைப் பார்த்துக்கொள்ளப் போவதும், வெயில் எட்டிப் பார்க்கும் 2 மணி நேரத்தில் ஓடிப்போய் மகரந்தம் கொண்டுவரப் போவதும் அந்தத் தேனீதான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்வார்கள். மழை பிடித்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்து, ஆள் குறைந்துவிட்டதே என்று பாகு ஊற்றினால் அப்போது பாகு குடிக்கத்தான் தேனீ இருக்கும், முட்டையிட ராணிக்குத் தெம்பு வந்து இட்ட முட்டை தேனீயாவதற்குள் கார்த்திகையும் வந்துவிடும்.

டெல்டாவில் நம்மை ஏமாற்றுவது பச்சை நிறம். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும் பூக்கும், எள் வயலும் கைகொடுக்கும். அதெல்லாம் ஓய்ந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை முடிந்து சம்பா நடவு ஆகிற நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப்பசேல் என்று இருக்கும். தேனீக்கு அது பாலைவனம். நெற்பூ தேன் சுரக்காது. கதிர் வந்து பூக்கிற சில நாள் முற்பகலில் மகரந்தம் கிடைக்கும், அவ்வளவுதான். தென்னை மட்டும் மாதம் ஒரு பாளை என்று வருஷம் முழுக்கக் கொடுக்கும். உங்களுக்குத் தோப்பு இருப்பது பெரிய பலம். ஆனாலும் விடாமல் 4 நாள் பெய்தால் பாளையில் இருப்பதும் நனைந்து வீண். வேலியோரம் கொடிரோஸ் வைத்துவிடுங்கள். இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அந்தக் கொடி, மழை விட்ட இடைவெளியிலும் தேனும் மகரந்தமும் தரும்.

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. தேனீ வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஆடிக் கடைசியில் பெட்டியின் மேல்தட்டான தேன் அறையில் ஒன்றும் இல்லை என்று, கீழ்த்தட்டான புழு அறை அடைகளின் மேல் விளிம்பில் இருந்த தேனையும் வெட்டி எடுத்தேன். அரைக் கிலோகூடத் தேறவில்லை. கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. காலை 10 மணிக்கு வாசலில் கூட்டமாக வெளியே வந்து வட்டமடித்தன. வெயிலைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் மணி நேரத்தில் புளியமரத்துக்கு மேலே எழும்பிக் கிழக்கே போய்விட்டன. திறந்து பார்த்தால் அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு முட்டை இல்லை. அவை 2 வாரம் முன்பே முடிவு செய்துவிட்டன. ராணி முட்டையிடுவதை நிறுத்தியிருந்தாள், நான் பார்க்கவில்லை. அந்த அரைக் கிலோவை எடுத்தது இன்றும் மனதில் உறுத்துகிறது.

சரி, வேலைக்கு வருவோம். வெயில் அடிக்கும் ஒரு முற்பகலில், லேசாகப் புகை காட்டி, அடை கட்டியிருக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அடையில் உள்ள குட்டி அறைகளின் அடியில் அரிசி நட்டு வைத்த மாதிரி முட்டை தெரிகிறதா? மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் பரவலாக இருக்கின்றனவா? ஒவ்வொரு அடையின் மேல் விளிம்பிலும் 2 விரல் அகலமாவது மூடிய தேன் இருக்கிறதா? புழுக்கள் தலையை மேலே தூக்கியபடி, நீர் கோத்த பை மாதிரி செத்திருந்தால் அது தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். 1991, 92இல் தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தை மற்றதில் வைக்காதீர்கள், கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். ராணியைக் கூண்டில் அடைத்து 2, 3 வாரம் புழு இல்லாமல் வைத்தால் பல கூட்டங்கள் தேறிவிடும்.

அடுத்தது, பெட்டியைச் சுருக்குவது. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். தேன் அறையைக் கழற்றிவிடுங்கள். புழு அறையில் 6 சட்டம் இருந்து, தேனீ 4 சட்டத்தை மட்டும் மூடியிருந்தால் மிச்ச 2ஐ எடுத்துவிட்டு ஒரு தடுப்புப் பலகையைச் செருகுங்கள். ஒவ்வொரு அடையிலும் தேனீ நெருக்கமாக அப்பியிருக்க வேண்டும். ஆள் இல்லாத அடையில் மெழுகுப்பூச்சி முட்டையிடும். அதன் புழு அடைக்குள் சுரங்கம் போட்டு நூல் பின்னிவிட்டால், இந்தியத் தேனீ அதைச் சுத்தம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காது. எடுத்த அடை கறுத்ததாக இருந்தால் உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். வெளிறின நல்ல அடையைப் பாலித்தீன் பையில் கட்டி, வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசரில் 2 நாள் வைத்து எடுத்தால் பூச்சி முட்டை செத்துவிடும். அப்புறம் பையைப் பிரிக்காமல் தையில் திரும்பக் கொடுக்கலாம்.

நாட்டுச்சர்க்கரை வேண்டாம், வெல்லமும் பனங்கருப்பட்டியும் வேண்டாம். நமக்கு நல்லது என்று சொல்லும் அந்தத் தாதுச் சத்தும் அழுக்கும்தான் தேனீயின் வயிற்றுக்கு ஆகாது. மழையில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடக்கும்போது வயிற்றுப்போக்கு வந்து அடையெல்லாம் நாசமாகும். வெள்ளைச் சர்க்கரைதான் சுத்தம். கடைத் தேனை வாங்கி ஊற்றவே கூடாது, எந்தக் கூட்டத்து நோய் அதில் இருக்கிறதோ தெரியாது. ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகு சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அடிப்பிடித்துக் கருகும். கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சியைப் போட்டு, தடுப்புப் பலகைக்குப் பின்னால் வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பெட்டித் தேனீயும் எறும்பும் கொள்ளையடிக்க வந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் இந்தத் தண்ணிப் பாகு. பூவில் தேன் வருகிறது என்று ராணியை நம்பவைத்து முட்டையிட வைப்பது இதுதான். மழைக்கு முந்தின 2 வாரம் மட்டும் ஒரு பங்கு தண்ணீருக்கு 2 பங்கு சர்க்கரை என்று கெட்டியாகக் கொடுத்தால் சேமித்து வைத்துக்கொள்ளும். அடைமழையில் சட்டத்தை வெளியே எடுக்காதீர்கள், புழு குளிர்ந்து செத்துவிடும். மூடியை ஓரமாகத் தூக்கிக் கொட்டாங்கச்சியை மட்டும் நிரப்பிவிட்டு மூடுங்கள்.

ஒரு வாரம் காலில் மகரந்தத்தோடு தேனீ உள்ளே போவதைப் பார்க்கவில்லை என்றால், பொட்டுக்கடலை மாவை உங்கள் பெட்டியிலேயே எடுத்த தேனில் பிசைந்து சிறு உருண்டையாகச் சட்டங்களின் மேல் வையுங்கள். முட்டையே இல்லை என்று தெரிந்தால் அது ஓடப்போகிற அறிகுறி. வாசலில் ராணி நுழைய முடியாத தடுப்புத் தகட்டைப் பொருத்தி, அடுத்த நோயில்லாத பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்து, தினமும் பாகு வையுங்கள். புழுவை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது. முட்டை மறுபடி தெரிந்ததும் தகட்டை எடுத்துவிடுங்கள்.

ஈரத்துக்கு நிறையப் பேர் செய்கிற தப்பு, பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டுவது. உள்ளே விடும் மூச்சின் ஈரமே வியர்த்துச் சொட்டி அடை பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும், நாலு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தகரமோ இரண்டு அடுக்குக் கீற்றோ போடுங்கள். பெட்டியின் பின்பக்கம் அரை விரற்கடை உயரமாக இருந்தால் உள்ளே போன தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும். நம் ஊரில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். வாசல் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் திடீரென்று திருப்பாதீர்கள், மேயப் போன தேனீ தடுமாறும். நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பலாம், அல்லது அந்தப் பக்கம் ஒரு கீற்றுத் தட்டியை நட்டால் போதும்.

மழைக்காலத்தில் எறும்புப் புற்றில் தண்ணீர் புகுந்துவிடும். அவை உலர்ந்த இடம் தேடி நேராகத் தேனீப் பெட்டிக்குத்தான் ஏறும். தாங்கியின் கால்களை நிறுத்தியிருக்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் ஒரு தென்னை ஓலைத் துணுக்கு விழுந்தாலே அது அவற்றுக்குப் பாலம். தினமும் பாருங்கள், கால்களில் கிரீஸும் தடவுங்கள். முசுறு என்னும் சிவப்பு எறும்பு கூடு கட்டிய கிளை பெட்டியில் உரசினால் வெட்டிவிடுங்கள். வாசலை 2 தேனீ ஒரே நேரத்தில் போய்வரும் அளவுக்குச் சுருக்கினால் கதண்டு என்னும் பெரிய குளவி உள்ளே நுழையாது. தாங்கி தொடை உயரமாவது இருந்தால் தேரை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விழுங்காது.

புயலை மறக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தூருக்குப் பக்கத்திலும் மட்டை விழும் இடத்திலும் பெட்டி இருந்தால் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், நாளுக்கு ஒன்றிரண்டு அடிக்கு மேல் வேண்டாம். மூடி மேல் கல் வைத்தால் போதாது. தாங்கியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, 2 முளையடித்துக் கட்டுங்கள்.

பக்கத்து வயல்காரர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சம்பாவில் குருத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் மருந்தடிக்கும் நாளை முந்தின நாளே சொன்னால், விடியும் முன் வாசலுக்கு வலை வைத்து ஒரு பகல் மூடி வைக்கலாம். கதிர் பூக்கும் நாட்களில் சாயங்காலம் அடிக்கும்படி கேளுங்கள். நான் கேட்டவர்களில் யாரும் மறுத்ததில்லை. தேன் எடுக்கும்போது அவர்கள் வீட்டுக்கும் ஒரு சின்னப் பாட்டில் போகும்.

கடைசியாக அந்த மெலிந்த பெட்டி. 3 சட்டத்தைக்கூட மூடவில்லை என்றால் அதைத் தனியாக மழையில் தள்ளாதீர்கள், நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பலமான ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். மெலிந்த கூட்டத்தின் ராணியை முதல் நாள் எடுத்துவிட வேண்டும். எடுக்க மனம் வலிக்கும், தெரியும். மறுநாள் சாயங்காலம் பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, கொஞ்சம் பாகு தெளித்து, அதற்கு மேல் மெலிந்த கூட்டத்தின் அறையை வையுங்கள். 2 பக்கமும் தாளைக் கடித்து ஓட்டை போடுவதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது. மூன்றாம் நாள் காகிதத் துணுக்குகள் வாசலில் விழுந்து கிடக்கும். அப்போது மேலே உள்ள நல்ல சட்டங்களைக் கீழே இறக்கி, மேல் அறையை எடுத்துவிடலாம். தை, மாசியில் கூட்டம் பெருத்ததும் அதிலிருந்தே பிரித்து மூன்றாவது பெட்டியை மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.